பானை உடைந்தால் குயவரை மட்டும் குறை சொல்லலாமா?

கோடை பிறந்துவிட்டால் சாலையோரங்களில் மண்பானைகள் வந்து குவிந்துவிடுகின்றன. நகரங்களில் மண்சட்டிக்கு இப்போது ஒரு மவுசும் ஏற்பட்டிருக்கிறது. மண்சட்டிச் சமையல் என்று பலகை மாட்டிய உணவு விடுதிகளில் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் மண்ணை நம்பிப் பிழைக்கும் நம் விவசாயிகளின் வீடுகளில் நிலைமை என்ன? பொங்கலுக்கு ஒரு பானை, கார்த்திகைக்கு நாலு அகல், வீட்டில் துக்கம் நேர்ந்தால் ஒரு கலயம். பல ஊர்களில் குயவருக்கும் நமக்கும் மிச்சமிருக்கும் கொடுக்கல் வாங்கல் இவ்வளவுதான்.

காரணம் கேட்டால் எல்லா ஊரிலும் ஒரே பதில் வருகிறது. "ஆசையாகச் சட்டி வாங்கினோம். ஒரு வாரம்கூட ஆகவில்லை, விரிசல் விட்டுவிட்டது. இந்தக் காலத்துச் சட்டி எதற்கும் உதவாது." இந்தப் பேச்சை நான் முழுவதும் ஏற்பதற்கில்லை. சரியாக வேகாத சட்டியும், மண் சரியாக மிதிபடாத சட்டியும் சந்தைக்கு வருவது உண்மைதான். ஆனால் முதல் வாரத்தில் உடையும் சட்டிகளில் பலவும் நம் அடுக்களையில்தான் கெடுகின்றன. கடையிலிருந்து கொண்டுவந்ததும் கழுவி நேரே அடுப்பில் ஏற்றினால் எந்தக் குயவர் வனைந்த சட்டியும் தாங்காது. நம் பாட்டிமார் அப்படிச் செய்ததில்லை. புதுச் சட்டியைப் பழக்குவது என்று ஒரு வேலை அவர்களுக்கு இருந்தது. அது நம் காலத்தில் விட்டுப்போயிற்று.

மண்சட்டி என்பது என்ன என்று முதலில் பார்ப்போம். களிமண்ணோடு மணல் கலந்து மிதித்து, சக்கரத்தில் வனைந்து, அடிப்பாகத்தைத் தட்டுப்பலகையால் தட்டி மூட்டி, நிழலில் உலர்த்திச் சூளையில் சுடுகிறார்கள். நாட்டுச் சூளையின் சூடு பீங்கான் சுடும் சூளையின் அளவுக்குப் போவதில்லை. அதனால் மண் கல்லாக இறுகிவிடாமல், உள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துளைகள் இருந்துகொண்டே இருக்கும். பானைத் தண்ணீர் குளிர்வதும் இந்தத் துளைகளால்தான். துளை வழியே கசியும் நீர் வெளிப்புறத்தில் ஆவியாகும்போது பானையின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. தண்ணீர்ப் பானைக்கு நன்மை செய்யும் இதே துளைகள் குழம்புச் சட்டிக்குத் தொல்லை. துளைக்குள் நீர் நிற்கும்போது கீழே தீயை எரித்தால் அந்த நீர் ஆவியாகி வெளியே வர வழி தேடும். வழி கிடைக்காவிட்டால் சட்டி வெடிக்கும். ஆகவே துளைகளை ஓரளவு அடைத்த பிறகே சட்டியைத் தீயில் வைக்க வேண்டும். பழக்குவது என்பதன் பொருள் இதுதான்.

வாங்கும்போதே சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். சமைக்க வேண்டும் என்பதைக் குயவரிடம் சொல்லியே வாங்குங்கள். தண்ணீர்ப் பானைக்குக் கலக்கும் மண் வேறு, அடுப்பில் ஏறும் சட்டிக்குக் கலக்கும் மண் வேறு. சட்டியை ஒரு கையில் தூக்கிப் பிடித்து, மறுகை விரலை மடக்கித் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்று கேட்டால் நன்றாக வெந்திருக்கிறது. சொத்தென்று கேட்டால் வேக்காடு போதவில்லை, அல்லது எங்கோ கீறல் இருக்கிறது. மாசி, பங்குனியில் வனைந்த சட்டிகளை வாங்குவது நல்லது என்பது என் எண்ணம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சட்டி உலர்வதும் கஷ்டம், சூளைக்கு ஈரமில்லாத விறகு கிடைப்பதும் கஷ்டம்.

வீட்டுக்கு வந்த சட்டியை ஒரு முழு நாள் தண்ணீரில் மூழ்க வைக்க வேண்டும். முதலில் குமிழி குமிழியாக வரும். அது துளைகளில் இருந்த காற்று. மறுநாள் தேங்காய் நாரால் உள்ளும் புறமும் தேய்த்துக் கழுவி, நிழலில் ஈரம் போக உலர்த்த வேண்டும். அவசரப்பட்டு இந்த உலர்த்தலை விட்டுவிடுகிறவர்கள்தான் பெரும்பாலும் சட்டியை இழக்கிறார்கள். பிறகு அரிசி கழுவிய கழுநீரோ வடிகஞ்சியோ முக்கால் சட்டி ஊற்றி, மிகச் சிறு தீயில் வைக்க வேண்டும். கஞ்சி சூடேறிக் கொதித்து, ஒரு மணி நேரமாவது மெதுவாகக் காய வேண்டும். கஞ்சியிலுள்ள பசை துளைகளுக்குள் இறங்கி அடைத்துக்கொள்ளும். அடுப்பை அணைத்த பின் கஞ்சியைச் சட்டியிலேயே ஆற விடுங்கள். சூட்டோடு கொட்டிவிட்டுப் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அதுவரை செய்ததெல்லாம் வீண். இப்படி இரண்டு மூன்று நாள் செய்ய வேண்டும். ஒவ்வொரு தடவையும் சட்டியின் வெளிப்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். ஈரம் கசிவது குறைந்துகொண்டே வரும். கசிவு நின்ற பிறகு வெயிலில் நன்றாகக் காயவைத்து, உள்ளே நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ தடவி, ஓர் இரவு வைத்திருந்து துடைத்துவிட்டால் சட்டி தயார். மொத்தத்தில் ஒரு வாரம் ஆகும். செலவு என்று பார்த்தால் ஒரு கரண்டி எண்ணெய்தான். வீட்டில் மாட்டுக்கு ஊற்றும் கழுநீரில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

முதல் பத்துப் பதினைந்து நாள் அந்தச் சட்டியில் கீரை, பருப்பு, கஞ்சி போன்றவற்றையே சமைப்பது உத்தமம். மீன் குழம்பைப் பிறகு வைக்கலாம். பழகாத சட்டியில் மீன் வாடை ஏறிவிட்டால் போக்குவது பெரும்பாடு. மீனுக்கென்று தனிச் சட்டி வைத்துக்கொள்ளும் வழக்கம் நம் ஊர்களில் இதனால் வந்ததுதான்.

சமைக்கும்போது தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே. மண் மெதுவாகச் சூடேறும், மெதுவாகவே ஆறும். ஆகவே தொடக்கத்தில் தீ சிறிதாக இருக்க வேண்டும். காலிச் சட்டியைக் காய விடக் கூடாது. எண்ணெயோ தண்ணீரோ ஊற்றிய பிறகே அடுப்பைப் பற்றவைக்கலாம். கொதிக்கும் சட்டியில் குளிர்ந்த நீர் ஊற்ற வேண்டாம். வெந்நீர் ஊற்றுங்கள். குழம்பு முக்கால் பதம் வந்ததும் தீயை அணைத்துவிடலாம். மீதியைச் சட்டியின் சூடே பார்த்துக்கொள்ளும். இந்தச் சூட்டைக் கணக்கில் எடுத்துக்கொள்ளத் தெரிந்தவர்களுக்கு எரிவாயுவும் கொஞ்சம் மிச்சமாகும். தெரியாதவர்களுக்குச் செலவு கூடவும் செய்யும். உருண்டை அடி கொண்ட பானை மூன்று கல் அடுப்புக்கு ஏற்றது. எரிவாயு அடுப்புக்குத் தட்டை அடிச் சட்டியைக் கேட்டு வாங்குங்கள். மின்காந்த அடுப்பில் மண்சட்டி சூடேறாது. இரும்புக் கரண்டியை விட அகப்பை நல்லது. இறக்கிய சட்டியை ஈரத் தரையிலோ சிமெண்டு மேடையிலோ வைக்காமல் பிரிமணை மேல் வைக்க வேண்டும். வைக்கோலால் பிரிமணை செய்ய நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கழுவுவதற்குச் சோப்புத் தூள் வேண்டாம். துளைகளில் சோப்பு ஏறினால் அடுத்த சமையலில் அதன் வாடை வரும். சாம்பலும் தேங்காய் நாரும் போதும். எண்ணெய்ப் பிசுக்கு அதிகமிருந்தால் வெந்நீர் ஊற்றி ஊறவைத்துத் தேய்க்கலாம். கழுவியதும் ஈரத்தோடு மூடி வைத்தால் பூசணம் பிடிக்கும். வெயிலில் கவிழ்த்துக் காயவைக்க வேண்டும்.

இதையெல்லாம் எழுதுகிற ஆண்பிள்ளைகள் பெரும்பாலும் சட்டி கழுவுவதில்லை என்று வீட்டில் சொல்வார்கள். அதில் நியாயம் இருக்கிறது. மண்சட்டி கனமானது, கரி பிடிப்பது, ஜாக்கிரதையாக எடுத்து வைக்க வேண்டியது. நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்விட்டு வரும் பெண்களிடம் எல்லாவற்றையும் மண்பாண்டத்தில் சமையுங்கள் என்று சொல்வது அக்கிரமம். சோறு குக்கரிலேயே பொங்கட்டும். புளிக்குழம்புக்கு ஒரு சட்டி, கீரை மசிக்க ஒரு சட்டி, தயிருக்கு ஒரு கலயம், பழைய சோற்றுக்கு ஒரு பானை இருந்தால் போதும் என்பது என் கருத்து. புளி அலுமினியத்தைக் கரைக்கும். புளிக்குழம்பை அலுமினியச் சட்டியில் கொதிக்கவைத்து, அதிலேயே மறுநாள் வரை வைத்திருப்பது நல்லதல்ல. மண்சட்டியில் அந்தக் கவலை இல்லை. கலயத்தில் உறையும் தயிர் கெட்டியாக இருப்பதற்கும் துளைகளே காரணம். தயிரின் நீரில் கொஞ்சத்தை மண் உறிஞ்சிக்கொள்கிறது.

மண்சட்டியில் சமைத்தால் சர்க்கரை வியாதி போகும், இரத்தக் கொதிப்பு அடங்கும் என்றெல்லாம் நகரத்துக் கடைகளில் சொல்லி விற்கிறார்கள். இதை நம்பி யாரும் மருந்தை நிறுத்திவிட வேண்டாம். சட்டி சட்டிதான், வைத்தியர் அல்ல. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பளபளவென்று மெருகு ஏற்றிய சட்டிகளும், வண்ணம் தீட்டிய சட்டிகளும் இப்போது நிறைய வருகின்றன. குயவர் பூசிச் சுடும் செம்மண் கரைசலால் தீங்கில்லை. ஆனால் சில மெருகுகளில் ஈயம் கலந்திருக்கலாம். புளிப்புப் பட்டால் அது உணவில் இறங்கும், குழந்தைகளுக்கு அது மிகவும் கெடுதி. எதைப் பூசியிருக்கிறார்கள் என்று தெரியாத பளபளப்பை அடுப்பில் ஏற்றாதீர்கள். சுவரில் மாட்டி அழகு பார்க்கலாம்.

அடுக்களையில் அடைக்க வேண்டிய அதே துளைகள் வயலில் திறந்திருக்க வேண்டும். வறண்ட நிலத்தில் மா, கொய்யா, முருங்கைக் கன்று வைப்பவர்களுக்குப் பானைப் பாசனம் நல்ல உதவி. பழக்காத புதுப் பானையைக் கன்றிலிருந்து ஓரடி தள்ளிக் கழுத்து வரை புதைத்து, நீர் நிரப்பி, வாயை மூடிவிட வேண்டும். மூடாவிட்டால் கொசு முட்டையிடும், நீரும் ஆவியாகும். மண் காயக் காயப் பானை கசியும். மண் ஈரமாக இருந்தால் கசிவு தானே குறையும். உப்பு நீர் ஊற்றினால் நாளடைவில் துளை அடைத்துக்கொள்ளும். அப்போது பானையை மாற்ற வேண்டியதுதான். தண்ணீர் லாரிக்குக் காசு கொடுத்து மரக்கன்று காப்பாற்றும் ஊர்களில் இதை ஏன் செய்து பார்க்கக் கூடாது? பத்துக் கன்றுக்குப் பத்துப் பானை என்றால் உள்ளூர்க் குயவருக்கும் வேலை.

அந்த வேலை அவருக்கு ஏன் தேவைப்படுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். முன்பு களத்துமேட்டில் நெல் அளக்கும்போது குயவருக்கும் ஒரு பங்கு அளந்தார்கள். வருஷம் முழுவதும் வீட்டுக்கு வேண்டிய பானை சட்டி அவர் பொறுப்பு. அந்த முறையில் ஏற்றத்தாழ்வு இருந்தது, அது திரும்பி வர வேண்டியதில்லை. ஆனால் அளந்த நெல் நின்றபோது அதற்கு ஈடான காசு அவர் கைக்கு வரவில்லை. பல ஊர்களில் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சிதான். ஆனால் குறியீடு கிடைக்காத நூற்றுக்கணக்கான ஊர்களில் சூளை அணைந்துகொண்டிருக்கிறது. நகரத்துக் கடையில் சட்டிக்குச் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வருகிற நாம், சொந்த ஊர்க் குயவரிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

காசுக்கும் மேலாக அவருக்கு வேண்டியது மண். அந்த மண் நம் ஏரியிலும் கண்மாயிலும் இருக்கிறது. ஏரி குளங்களில் வண்டலும் களிமண்ணும் கட்டணமில்லாமல் எடுத்துக்கொள்ள விவசாயிகளுக்கும் மண்பாண்டத் தொழிலாளர்களுக்கும் தமிழ்நாட்டு விதிகளில் இடமுண்டு. நன்செய் ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய் ஏக்கருக்கு 90 கன மீட்டர், மண்பாண்டத் தொழிலுக்கு 60 கன மீட்டர் என்று அளவும் சொல்லப்பட்டிருக்கிறது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு அலைய வேண்டியிருந்த நிலை மாறி, 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி தருகிறார். வயலுக்கு வண்டல் அடிக்க நம்மில் பலர் இந்த அனுமதியை வாங்குகிறோம். ஆனால் டிராக்டரும் பொக்லைனும் ஏரியில் இறங்கும்போது நடப்பது என்ன? வயலுக்கு ஆகும் வண்டல் வேறு, பானைக்கு ஆகும் களி வேறு. குயவர் எந்த மூலையில் எந்த ஆழத்தில் நல்ல களி இருக்கிறது என்று தலைமுறையாக அறிந்து வைத்திருக்கிறார். பொக்லைன் ஒரே நாளில் இரண்டையும் சேர்த்து வாரிப் போட்டுவிட்டால், வயலுக்கும் அது பெரிய லாபமில்லை, அவருக்கோ அந்த வருஷத்துக்கு மண்ணே இல்லை. அனுமதி வாங்கிய பேரில் கிராவல் வெட்டி வெளியூருக்கு ஓட்டுகிறவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இதைத் தடுக்க நம்மால் முடியும். ஏரியில் இயந்திரம் இறங்கும் முன் ஊர்க் குயவரை அழைத்துச் சென்று, அவர் காட்டும் மூலையில் நாலு குச்சி நட்டு ஒதுக்கிவிட வேண்டும். வட்டாட்சியர் அலுவலகத்துக்கு வண்டல் விண்ணப்பம் கொண்டுபோகிறவர் அவருடைய விண்ணப்பத்தையும் சேர்த்தே கொண்டுபோகலாம். மார்ச் 22, மே 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. ஏரி வற்றத் தொடங்கும் காலமும் அதுதான். களிமண் மூலையை ஒதுக்கி வைக்க அங்கே ஒரு தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். அடுத்த வாரமே இயந்திரம் வந்துவிடும் ஊர்களில் அதற்குக் காத்திராமல், இப்போதே போய்க் குச்சியை நட்டுவிடுங்கள்.