சங்கமில்லாத தொழிலாளி ஒருவருக்கு அஞ்சலி

ஜூலை மாதம் வந்தால் எங்கள் மக்களின் வீடுகளில் பேச்சு தானாகவே 1983க்குப் போய்விடும். அதிலும் திருகோணமலை மாவட்டத்தில் வாழும் எங்கள் உறவுகளுக்கு அது வெறும் பழங்கதையல்ல. 1977இலும் அதற்குப் பின்னரும் அடிவாங்கி, லயத்துக் காம்பறாக்களை விட்டு, கையில் கிடைத்ததைச் சுருட்டிக்கொண்டு கிழக்கே வந்தவர்கள் அவர்கள். இங்கேயாவது நிம்மதியாக இருக்கலாம் என்று நினைத்தவர்களின் கண்முன்னே, 1983 ஜூலை 26 அன்று கடற்படைச் சிப்பாய்களே திருகோணமலை நகருக்குள் இறங்கி வீடுகளுக்கும் கடைகளுக்கும் தீ வைத்தார்கள். சீருடை என்றால் என்னவென்று அந்தத் தலைமுறை அப்படித்தான் அறிந்துகொண்டது. அதனால்தான் இந்த ஜூலை இதழில், சீருடை அணிந்த ஒருவரின் மரணத்தைப் பற்றி எழுதுவதற்கு முன் நாம் பலமுறை யோசித்தோம். யோசித்த பிறகும் எழுதத்தான் வேண்டும் என்று முடிவு செய்தோம்.

2017 ஜூலை 22, சனிக்கிழமை மாலை. யாழ்ப்பாண மேல் நீதிமன்ற நீதிபதி மா. இளஞ்செழியனின் வாகனம் நல்லூர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அவருடைய மெய்ப்பாதுகாவலரான பொலிஸ் சார்ஜன்ட் சரத் ஹேமச்சந்திர முன்னால் மோட்டார் சைக்கிளில் சென்று, சந்தியில் இறங்கி வாகனங்களை ஒழுங்குபடுத்தினார். அப்போது ஒருவன் அவர் இடுப்பிலிருந்த கைத்துப்பாக்கியைப் பறித்து அவரையே சுட்டான். கூடவிருந்த இன்னொரு பாதுகாவலரும் காயமடைந்தார். ஹேமச்சந்திரவை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டு போனார்கள். மறுநாள் விடிவதற்குள் அவர் உயிர் பிரிந்துவிட்டது. வயது 51. ஊர் சிலாபம் பக்கம். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். சூடு நீதிபதிக்குக் குறிவைத்ததா, தற்செயலாக நடந்ததா என்று அந்த நாட்களில் இரண்டு விதமாகப் பேசினார்கள். எப்படியிருந்தாலும் வேலையில் நின்ற இடத்திலேயே அந்த மனிதர் விழுந்தார்.

அதன்பிறகு நடந்ததைத்தான் நாடு முழுக்கப் பார்த்தது. சிலாபத்திலிருந்து வந்த ஹேமச்சந்திரவின் மனைவியின் காலில் விழுந்து நீதிபதி அழுதார். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகத் தன்னுடன் நின்றவர், தன் பொருட்டு இறந்துவிட்டார் என்று அழுதார். பிள்ளைகள் இருவரையும் தன் பிள்ளைகளாகப் பார்ப்பேன் என்றார். சிலாபத்தில் நடந்த இறுதிக் கிரியைக்கும் போனார்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் படம் வேறு விதமாகப் பட்டிருக்கும். எங்கள் பாட்டன்மார் தொரைக்கு முன்னால் தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றவர்கள். கங்காணி வீட்டுத் திண்ணையில் ஏறாமல் வாசலில் நின்று பேசியவர்கள். மேலே இருப்பவன் கீழே இருப்பவனின் காலில் விழுவதை எங்கள் நான்கு தலைமுறை பார்த்ததேயில்லை. வேலையாள் இறந்தால் பெட்டிச் செலவுக்கு ஒரு தொகை, செக்ரோலில் பெயர் வெட்டு, அவ்வளவுதான். ஒரு மேல் நீதிமன்ற நீதிபதி, தன்னிடம் கடமை செய்த சார்ஜன்டின் மனைவிக்கு முன்னால் மண்ணில் விழுந்தது எங்களை உலுக்கியதற்கு அதுவும் ஒரு காரணம். அவர் தமிழர், அந்த அம்மா சிங்களவர் என்பது அடுத்த காரணம்.

நாளையும் கவனியுங்கள். ஹேமச்சந்திர இறந்தது ஜூலை 23. 1983இல் அதே ஜூலை 23 இரவில்தான், நல்லூருக்குப் பக்கத்திலேயே உள்ள திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டார்கள். மறுநாள் கொழும்பில் தொடங்கிய தீ நுவரெலியாவரைக்கும் திருகோணமலைவரைக்கும் வந்தது. முப்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து, ஏறக்குறைய அதே இடத்தில், தமிழன் ஒருவன் சிங்களப் பொலிஸ்காரர் ஒருவரைச் சுட்டுவிட்டான் என்ற செய்தி பரவியபோது எத்தனை வீடுகளில் வயிறு கலங்கியிருக்கும்! ஆனால் இம்முறை எங்கும் ஒரு கடைகூட எரியவில்லை. யாழ்ப்பாணத்து மக்கள் அவருக்காகத் துக்கம் காத்தார்கள். வடக்கில் சட்டத்தரணிகள் பணியைப் புறக்கணித்து எதிர்ப்புக் காட்டினார்கள். துக்கத்தைச் சரியான இடத்தில் கொண்டுபோய் வைத்தால் நாடு எரியாது என்பதை அந்த ஒரு வாரம் காட்டியது. அதற்கு அந்த நீதிபதியின் கண்ணீருக்கும் பங்குண்டு என்றே நாம் நினைக்கிறோம்.

இதுவரை வாசித்துவிட்டு, "பொலிஸ்காரனுக்கு நம்ம சங்கப் பத்திரிகையில் என்ன வேலை?" என்று கேட்கப்போகும் மூத்த தோழர்கள் உண்டு. கேட்பது நியாயம். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தனைச் சுட்டது பொலிஸ். 1977 மே 11இல் டெவன் தோட்டத்தில், தொழிலாளர் வாழ்ந்த காணியைப் பிரித்துக் கொடுக்க வந்தபோது எதிர்த்து நின்ற சிவனு லெட்சுமணனைச் சுட்டதும் பொலிஸ். 2006 ஜனவரி 2இல் திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்ட வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் பொலிஸ் விசேட அதிரடிப் படையினர். சம்பளம் கேட்டால் அடி, காணி கேட்டால் சூடு, கடற்கரையில் உட்கார்ந்திருந்தால்கூட சாவு. இந்தக் கணக்கை நாம் மறக்கவில்லை. யாரையும் மறக்கச் சொல்லவும் இல்லை.

மறுபக்கத்துக் கணக்கும் ஒன்று இருக்கிறது. அதை எங்கள் மேடைகளில் நாம் அதிகம் பேசுவதில்லை. 1990 ஜூனில் கிழக்கு மாகாணத்தில், மேலிடத்து உத்தரவின்படி ஆயுதங்களை ஒப்படைத்துச் சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிஸார் விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டார்கள். சிங்களவர்களும் முஸ்லிம்களும். சுடாதே, பொறு என்று சொன்ன உத்தரவுக்குக் கீழ்ப்படிந்த சாதாரண கொன்ஸ்தாபிள்கள் அவர்கள். உத்தரவு போட்டவர்கள் கொழும்பில் பத்திரமாக இருந்தார்கள். மேலே இருப்பவன் முடிவெடுப்பான், கீழே இருப்பவன் சாவான் என்பது தோட்டத்துக்கு மட்டும் உரிய சட்டமல்ல.

ஹேமச்சந்திர யாரையும் அடக்கப் போன இடத்தில் இறக்கவில்லை. ஒரு நீதிமன்றத்துக்கும் ஒரு துப்பாக்கிக்கும் நடுவில் நின்றார். அந்த இடத்தில் நிற்பதற்கு ஆளில்லாமல் போனதால்தான் எங்கள் வழக்குகள் செத்தன. திருகோணமலை மாணவர்கள் வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். சாட்சி சொல்ல வேண்டியவர்கள் அச்சுறுத்தப்பட்டார்கள்; உயிருக்குப் பயந்து நாட்டைவிட்டே போனவர்கள் உண்டு. கடைசியில் 2019 ஜூலையில், போதிய சாட்சியங்கள் இல்லையென்று 13 பேரையும் திருகோணமலை நீதவான் நீதிமன்றம் விடுவித்தது. சாட்சிகளைப் பாதுகாக்க 2015இல் ஒரு சட்டம் வந்துதான் இருந்தது. ஆனால் சட்டப் புத்தகம் போய்ச் சாட்சியின் வீட்டு வாசலில் நிற்காது. அங்கே நிற்க ஒரு ஆள் வேண்டும். பறிக்கப்படும் துப்பாக்கியைப் பிடித்து இழுக்க, முதல் சூட்டைத் தன் மேல் வாங்க ஒரு ஆள் வேண்டும். நீதிபதி ஒருவருக்கு அப்படி ஓர் ஆள் இருந்தார். அந்த ஐந்து பிள்ளைகளின் பெற்றோருக்கு யாரும் இருக்கவில்லை.

ஆகவே ஹேமச்சந்திரவை நினைப்பதும், கோவிந்தனுக்கும் லெட்சுமணனுக்கும் அந்த மாணவர்களுக்கும் நீதி கேட்பதும் எதிரெதிரான வேலைகள் என்று எங்களுக்குப் படவில்லை. இளஞ்செழியன் அதன்பின் 2018இல் திருகோணமலை மேல் நீதிமன்றத்துக்கு மாற்றலாகி வந்தார். இந்த மாவட்டத்து மக்கள் தங்கள் வழக்குகளோடு அவர் முன் நின்றார்கள். அவர் உயிரோடு வந்து அந்தக் கதிரையில் உட்கார்ந்ததற்குப் பின்னால் சிலாபத்து வீடொன்றின் இழப்பு இருக்கிறது.

இனி எங்கள் தொழிலுக்குரிய ஒரு விஷயம். இந்த நாட்டில் பொலிஸ்காரருக்குத் தொழிற்சங்கம் கிடையாது. 1935ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கத் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டம் நமக்குத் திறந்த கதவைப் பொலிஸாருக்கும் சிறைச்சாலை உத்தியோகத்தருக்கும் படையினருக்கும் மூடி வைத்திருக்கிறது. சர்வதேச தொழில் தாபனத்தின் 87ஆம் சமவாயமும் பொலிஸ் விஷயத்தை அந்தந்த நாட்டின் சட்டத்துக்கே விட்டுவிட்டது. ஜெர்மனியில் பொலிஸாருக்குத் தொழிற்சங்கம் இருக்கிறது. இங்கிலாந்தில் 1918, 1919 ஆண்டுகளில் பொலிஸார் வேலைநிறுத்தம் செய்த பிறகு, சங்கம் கூடாது என்று தடுத்து, அதற்குப் பதிலாக ஒரு சம்மேளனத்தையாவது அரசாங்கம் அமைத்துக் கொடுத்தது. இங்கே அதுவும் இல்லை. பண்டிகை நாளில் லீவு ரத்தானாலும், ஊரைவிட்டு ஆண்டுக்கணக்கில் தூரத்தில் கிடந்தாலும், கொன்ஸ்தாபிள் மேலதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம். கூட்டமாகக் கேட்க முடியாது. சிலாபத்துக் குடும்பத்தலைவர் ஒருவர் தன் வேலைக்காலத்தில் பெரும்பகுதியை வடக்கிலும் கிழக்கிலும் கழித்ததைப் பார்க்கும்போது, பிள்ளைகளை அம்மாயி வீட்டில் விட்டுவிட்டுக் கொழும்புக்கு வேலைக்குப் போகும் எங்கள் தோட்டத்துத் தாய் தகப்பன்மாரின் நினைவு வருகிறது.

பொலிஸ் திணைக்களம் தன் இறந்தவர்களை ஆண்டுதோறும் மார்ச் 21இல் நினைவுகூர்கிறது. 1864இல் அந்த நாளில் மாவனல்லையில், கொழும்பு–கண்டி வீதியைக் கலக்கிய உதுவன்கந்தை சரதியேலைப் பிடிக்கப் போன சபான் என்ற மலாய்க் கொன்ஸ்தாபிள் சுட்டுக் கொல்லப்பட்டார். கடமையில் உயிரிழந்த முதலாவது பொலிஸ்காரர் என்று அவரைச் சொல்வார்கள். எங்கள் முப்பாட்டன்மார் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்துகொண்டிருந்த காலம் அது. சரதியேலுக்கு இன்று மாவனல்லையில் சிலைகளோடு ஒரு கிராமமே இருக்கிறது. உல்லாசப் பயணிகள் போய்ப் படம் பிடிக்கிறார்கள். சபானின் பெயர் மாவனல்லையைக் கடந்து போகும் பஸ்ஸில் எத்தனை பேருக்குத் தெரியும்? கள்வனுக்குக் கதை கிடைத்துவிடுகிறது. காவலுக்கு நின்றவனுக்கு ஒரு பெயர்ப்பலகைகூடக் கஷ்டம்தான்.

நினைவுகூர்தல் என்றால் மாலையும் மரியாதை வேட்டும் மட்டும் போதாது என்பது தொழிற்சங்கக்காரராகிய எங்கள் அபிப்பிராயம். நீதிபதி அந்தப் பிள்ளைகளைப் பொறுப்பேற்பதாகச் சொன்னது பெரிய மனம். அதைக் குறைத்துப் பேசும் தகுதி எங்களில் யாருக்கும் இல்லை. ஆனால் ஒரு தொழிலாளியின் குடும்பம் பிழைப்பது ஒரு நல்ல மனிதரின் மனதை நம்பித்தான் என்றால் அது ஒழுங்கல்ல. அந்த நீதிபதியைப் போல ஒருவர் எல்லாருக்கும் வாய்க்கமாட்டார். மரம் விழுந்து, குளவி கொட்டி, மின்னல் தாக்கி எங்கள் மலைகளில் இறந்தவர்களின் குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள். வேலை நேரத்தில்தான் இறந்தார் என்று நிரூபிப்பதற்கே அந்தத் தாய்மார் அலைகிறார்கள். வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934இலிருந்து இருக்கிறது. தங்கியிருந்தவர்களுக்கு நட்டஈடு கொடுக்க வேண்டியது தொழில் தருநரின் கடமை. நட்டஈட்டு ஆணையாளரிடம் முறையிடலாம். இது யாருடைய கருணையும் அல்ல. கடமையில் இறந்த பொலிஸ்காரரின் விதவைக்கும் குளவி கொட்டி இறந்த கொழுந்தெடுக்கும் பெண்ணின் கணவனுக்கும், கேட்காமலே வீடு தேடி வரவேண்டிய பணம் அது.

பொலிஸாரிடம் நாம் கேட்பதும் உண்டு. மரியாதை ஒருவழிப் பாதையல்ல. தோட்டத்துப் பெண் ஒருத்தி பொலிஸ் நிலையத்துக்கு முறைப்பாடு கொடுக்கப் போனால், அவள் சொல்வதை அவள் மொழியில் எழுதிக்கொள்ள ஆளிருக்க வேண்டும். விளங்காத மொழியில் எழுதிய தாளில் கைநாட்டு வாங்கக் கூடாது. வேலைநிறுத்தம் என்றால் உடனே நிர்வாகத்தின் பக்கம் போய் வரிசையாக நிற்கக் கூடாது. ஒரு தமிழ் நீதிபதியோடு பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் நம்பிக்கையாக நின்ற சார்ஜன்ட் ஒருவர் அவர்களுடைய திணைக்களத்திலேயே இருந்திருக்கிறார். பயிற்சிக் கல்லூரியில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு அவர் கதையைச் சொல்லிக் கொடுக்கட்டும். அவர் எப்படி இறந்தார் என்பதோடு நிறுத்தாமல், எப்படி வேலை செய்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

கிளைக் கமிட்டிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஜூலை மாதக் கூட்டத்தில் வழக்கமாக 1983இல் இறந்தவர்களுக்காக எழுந்து நிற்கும்போது, இம்முறை சரத் ஹேமச்சந்திரவின் பெயரையும் சேர்த்து வாசியுங்கள். விருப்பமில்லாத தோழர்கள் இருந்தால் அவர்களைக் கட்டாயப்படுத்த வேண்டாம். காரணத்தைப் பேசவிட்டுக் கேளுங்கள். அதே கூட்டத்தில், வேலையில் இறந்த எங்கள் உறுப்பினர்களில் நட்டஈடு இன்னும் கிடைக்காத குடும்பங்களின் பெயர்களையும் எழுதி எடுங்கள். மரணச் சான்றிதழ், வைத்தியசாலைத் துண்டு, அன்றைய பிரட்டில் பேர் போட்டதற்கான அத்தாட்சி, சம்பளச் சீட்டு ஆகியவற்றின் பிரதிகளோடு அந்தப் பட்டியலைத் தலைமைக் காரியாலயத்துக்கு அனுப்பி வையுங்கள்.