அடுத்தவர் தொழில் ஒன்று

2017-இல் சிட்னி நகரத்தில் ஒருவர் நம் கயிற்றுக் கட்டிலை 990 ஆஸ்திரேலிய டாலருக்கு விற்பதாக விளம்பரம் கொடுத்தார். நம் கணக்கில் ஏறக்குறைய ஐம்பதாயிரம் ரூபாய். இந்தியா வந்தபோது கட்டிலைப் பார்த்தவர், ஊருக்குத் திரும்பித் தன் கையாலேயே செய்து பார்த்தாராம். நம்மவர்கள் விலையைப் பார்த்துச் சிரித்தார்கள். "தன் கையாலேயே" என்ற இடத்தை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது.

எங்கள் சேத்தூரில் கட்டிலுக்கும் முக்காலிக்கும் பொருள் தேடி அலைய வேண்டியதில்லை. மலையடிவாரம் முழுக்கத் தென்னந்தோப்பு, ஆகவே கயிற்றுக்குப் பஞ்சமில்லை. கிழக்கே போனால் கண்மாய்க் கரையெல்லாம் சீமைக் கருவேலம். அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்குகிறோம். அதே இனத்து மரத்துக்கு அமெரிக்காவில் மெஸ்கிட் என்று பெயர். டெக்சாஸில் அதில் மேசையும் நாற்காலியும் செய்து நல்ல விலைக்கு விற்கிறார்கள். கெட்டியான மரம், காய்ந்த பின் அதிகம் சுருங்காது, முறுக்கிக்கொள்ளாது. கோணல்மாணலாக வளர்வதால் நீளச் சட்டத்துக்கு ஆகாது. முக்காலிக் காலுக்குத் தாராளமாக ஆகும். (மேற்கே மலைப்பக்கம் மட்டும் கை நீட்ட வேண்டாம். 2021 முதல் அது புலிகள் காப்பகம். சுள்ளி பொறுக்கினாலும் வம்பு.)

பொருள் இருக்கிறது, ஓய்வு பெற்றவர்களுக்கு நேரமும் இருக்கிறது. ஆனாலும் வீட்டில் உளி பிடிக்க ஆளில்லை. "அதெல்லாம் ஆசாரி வேலை சார்" என்கிறார்கள். இந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் இன்று எழுத வந்தேன்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். ரூசோவின் 'எமில்' நூலைப் பற்றி அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். 1762-இல் வெளிவந்தது. எமில் வசதியான வீட்டுப் பிள்ளை. அவனுக்கு ஒரு கைத்தொழில் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும் என்று ரூசோ சொல்லி, தச்சு வேலையைத் தேர்ந்தெடுக்கிறார். எமிலின் தகப்பன் தச்சன் இல்லை. தன் குலத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு வேலையைப் பையன் கற்றுக்கொள்கிறான். விஷயமே அதில்தான் இருக்கிறது.

இங்கே என்ன நடந்தது? 1953-இல் ராஜாஜி சென்னை மாகாணத்துக் கிராமப் பள்ளிகளில் ஒரு திட்டம் கொண்டுவந்தார். பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில். குலக்கல்வி என்று பெயர் வாங்கி, பெரியாரும் மற்றவர்களும் கடுமையாக எதிர்த்து, மறு வருடம் காமராஜர் முதல்வரானதும் கைவிடப்பட்டது. கைவிட்டது நியாயம். குயவர் பிள்ளை குயவராகவும் குமாஸ்தா பிள்ளை குமாஸ்தாவாகவும் இருக்கப் பள்ளிக்கூடம் எதற்கு? ஆனால் அந்தச் சண்டைக்குப் பிறகு கைவேலை என்றாலே சாதி வேலை என்ற எண்ணம் நம் மனதில் இறுகிவிட்டது. திட்டத்தில் கெட்டது "அப்பன்" என்ற சொல். "தொழில்" என்ற சொல் என்ன பாவம் செய்தது?

திருவில்லிபுத்தூர் தாண்டி மதுரைப் பாதையில் டி.கல்லுப்பட்டி வருகிறது. அங்கே காந்தி நிகேதன் ஆசிரமத்தில்தான் ஜே.சி. குமரப்பா தன் கடைசிக் காலத்தில் வாழ்ந்தார். லண்டனில் கணக்காயர் படிப்பு, நியூயார்க்கில் பொருளாதாரப் படிப்பு, பம்பாயில் தணிக்கைத் தொழில். அத்தனையும் விட்டுவிட்டுச் செக்கு, கையால் செய்யும் காகிதம், பனைவெல்லம் என்று கிராமத் தொழில்களுக்காக உழைத்தார். 1960-இல் காலமானார். கணக்குப் புத்தகம் பார்த்த மனிதருக்குச் செக்கைப் பற்றி யோசிப்பது தாழ்வாகத் தெரியவில்லை. நமக்கு மட்டும் ஏன் தெரிகிறது?

"நீங்கள் எல்லாரும் செய்ய ஆரம்பித்தால் தச்சர் பிழைப்பு என்னாவது?" என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. அவர் பிழைப்பைக் கெடுத்தது பிளாஸ்டிக் நாற்காலி. என் முக்காலி அல்ல. மூன்று நாள் மெனக்கெட்டு ஒரு முக்காலி செய்கிறவனுக்குக் காசு மிச்சமாகாது, கடையில் அதைவிட மலிவாகக் கிடைக்கும். அவனுக்கு வேறொன்று கிடைக்கும். பலகையில் துளை போட்டு, காலின் தலையைக் கழுந்தாகச் செதுக்கி, அது ஆடாமல் உள்ளே இறங்குவதற்குள் எத்தனை தடவை எடுத்து எடுத்துப் பார்க்க வேண்டும் என்று தெரியும். நூலளவு அதிகம் செதுக்கினால் கால் ஆடும்; குறைத்துச் செதுக்கி அடித்தால் பலகை பிளக்கும். இது கைக்குத் தெரிந்தவன் அடுத்த முறை கதவு செய்ய வருகிறவரிடம் ஐம்பது ரூபாய்க்குப் பேரம் பேச மாட்டான். "வாப்பா, போப்பா" என்று கூப்பிடவும் வாய் வராது.

ஆசாரியார் பிள்ளைகள் இன்று இன்ஜினியரிங் படிக்கிறார்கள். சந்தோஷம். அவர்களைப் பட்டறைக்குத் திரும்பி வா என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அந்த வேலை ஊரில் மிஞ்ச வேண்டுமானால், இதுவரை அதைத் தொடாத வீடுகள்தான் தொட வேண்டும்.

முக்காலியில் தொடங்குங்கள். மூன்று கால் எந்த மேடுபள்ளத்திலும் ஆடாது. முதல் முறை செய்கிறவருக்கு அது பெரிய சலுகை. ஒரு உளி, ஒரு கொட்டாப்புளி, ஒரு ரம்பம் போதும். பேரனையும் பேத்தியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் ஒரு தச்சரை வீட்டுக்கு அழைத்து, கூலி கொடுத்து, குருவாக உட்கார வைத்துக் கற்றுக்கொள்ளுங்கள். நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டு நாம் தரையில் உட்காரலாம். கற்றுக்கொள்கிறவர் உட்கார வேண்டிய இடம் அதுதானே.