பத்தாண்டு நின்றவர்களும் பாதியில் போகிறவர்களும்



கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் வட்டாரத்தில் பட்டறை நடத்தும் நம் சகோதரர்கள் அடிக்கடி சொல்லும் குறை இது: "தொழில் கற்றுக்கொடுத்தோம். கைதேர்ந்த வெல்டரானதும் ஐந்நூறு ரூபாய் கூடுதலுக்காகப் பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விட்டான்."

ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனம் இடும் கட்டளை தொழிலாளிக்கும் உரியதே. சொல்லாமல் கொள்ளாமல் விலகுவது முஃமினுக்கு அழகன்று. ஆனால், அங்கே ஒப்பந்தம் என்று ஒன்று இருந்ததா?

மூஸா (அலை) அவர்கள் மத்யனில் பணியேற்ற வரலாற்றை அல்கஸஸ் அத்தியாயம் கூறுகிறது. எட்டு ஆண்டுகள் என்று காலம் முன்பே பேசப்பட்டது. பத்தாக நிறைவு செய்வது அவர்களின் விருப்பத்திற்கு விடப்பட்டது. சிரமப்படுத்த மாட்டேன் என்று பணி கொடுத்தவரே வாக்களித்தார். மூஸா (அலை) நீண்ட தவணையையே நிறைவு செய்தார்கள் என்பது இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு. கட்டாயமில்லாத அந்த இரண்டு ஆண்டுகளில்தான் நம் கேள்விக்கு விடை இருக்கிறது.

அனஸ் (ரலி) அவர்களும் நபி (ஸல்) அவர்களிடம் பத்தாண்டுகள் பணிவிடை செய்தார்கள். அக்காலம் முழுவதும் சலிப்பான ஒரு சொல்லைக்கூடக் கேட்டதில்லை என்று பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்கள்.

நம் தொழிற்பேட்டைகளில் நடப்பது என்ன? 24 மாதங்களில் 480 நாட்கள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது தமிழ்நாட்டின் 1981-ஆம் ஆண்டுச் சட்டம். அந்நாள் நெருங்குமுன் ஆளை நிறுத்தி, வேறொரு காண்ட்ராக்டர் பெயரில் சேர்ப்பது புதிய வழக்கமன்று. தன்னை நிரந்தரமாக வைத்துக்கொள்ள விரும்பாத இடத்தில் தொழிலாளி மட்டும் ஏன் நிலைத்திருக்க வேண்டும்? ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் 2024 செப்டம்பரில் தொடங்கி 37 நாட்கள் நீடித்த சாம்சங் வேலைநிறுத்தத்திலும், ஊதிய உயர்வோடு சங்கத்தை அங்கீகரிக்கும் கோரிக்கையே முன்னின்றது. கூலியைப் போலவே மதிப்பும் மனிதனை நிறுத்துகிறது.

வளைகுடாவில் முதலாளி பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்தால் அநீதி என்கிறோம். இங்கே ஐடிஐ அசல் சான்றிதழைப் பூட்டி வைப்பதும், விலகுகிறவரின் கடைசி மாதச் சம்பளத்தை நிறுத்துவதும் வேறென்ன? வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் கூறுவதை புகாரியில் காண்கிறோம். விலகியவர் மீதுள்ள கோபம் அவருடைய கூலியை நமக்கு ஹலாலாக்காது.

சம்பளம், வேலை நேரம், ஓவர்டைம், காலம் ஆகியவற்றை எழுதிக் கொடுங்கள். சொன்ன தேதியில் கூலி கொடுங்கள். போக விரும்புகிறவரைக் கணக்குத் தீர்த்து, துஆவோடு அனுப்புங்கள். அதைக் காணும் மற்றவர்கள் நிற்பார்கள்.

கொடுக்கல் வாங்கலில் நீதியோடு நடக்க அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக!