நூலே குருவான சமயம்

இந்து சமயத்தையும் இஸ்லாத்தையும் கலந்து குரு நானக் ஆக்கிய மதம் என்று சீக்கியத்தை ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறோம். அவ்வரி சீக்கியத்தின் தனித்தன்மையை மறைத்துவிடுகிறது. அதனைக் காண விரும்பும் இலக்கிய வாசகர், அச்சமயத்தின் மறைநூல் தொகுக்கப்பட்ட முறையைப் பார்த்தாலே போதும்.

நானக், இன்று பாகிஸ்தானில் நன்கானா சாகிப் என வழங்கும் தல்வண்டியில் 1469இல் பிறந்தவர். உருவமும் பிறப்பும் அற்ற இறைவன் ஒருவனே; அவன் முன் மாந்தர் அனைவரும் நிகர் என்பது அவர் கொள்கை. துறவை அவர் போற்றவில்லை. இறைவன் பெயரை நினைத்தல், நேர்மையாக உழைத்தல், பகிர்ந்துண்ணல் ஆகிய மூன்றையும் அவர் காட்டிய நெறியாகச் சீக்கியர் கொள்வர். இறுதிக் காலத்தை ராவி ஆற்றங்கரைக் கர்த்தார்பூரில் உழவராகவே கழித்து 1539இல் மறைந்தார். எல்லாச் சாதியாரும் ஒரே வரிசையில் அமர்ந்துண்ணும் லங்கர், அந்நெறியின் கண்கூடான வடிவம்.

அந்தப் பந்தியின் இலக்கிய வடிவம் என்று, ஐந்தாம் குரு அர்ஜன் 1604இல் தொகுத்து முடித்த ஆதி கிரந்தத்தைச் சொல்லலாம். ராகங்களின் அடிப்படையில் அடுக்கப்பட்ட இத்தொகுப்பில், குருமார்களின் பாடல்களோடு நெசவாளர் கபீர், தோல் தொழிலாளர் ரவிதாஸ், மராட்டியத்து நாமதேவர், சூஃபி ஞானி ஷேக் ஃபரீத் ஆகியோரின் பாடல்களும் உள்ளன. பத்தாம் குரு கோவிந்த் சிங் 1699இல் கால்சாவை நிறுவியபோது முதலில் தீட்சை பெற்ற ஐவருள் நீர் சுமப்பவரும் நாவிதரும் இருந்தனர். 1708இல், தமக்குப் பின் இந்நூலே குரு என்றும் அவர் அறிவித்ததாகச் சீக்கிய மரபு கூறும். அன்றுமுதல் இந்நூலை வணங்குபவர் எவரும் ரவிதாஸின் சொல்லையும் சேர்த்தே வணங்குகிறார். இதனினும் பெரிய சமத்துவ அறிவிப்பை ஒரு தொகைநூல் செய்துவிட முடியுமா?

ஆனால் நூல் வழங்கிய இடத்தை ஊர் வழங்கவில்லை. 2011 கணக்கெடுப்பின்படி பஞ்சாப் மக்களில் ஏறத்தாழ 32 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். அங்குள்ள பல சிற்றூர்களில் அவர்களுக்குத் தனிக் குருத்வாராக்களும் தனிச் சுடுகாடுகளும் இருக்கின்றன. 2009 மே மாதம் வியன்னாவில், ரவிதாஸைப் போற்றுவோரின் வழிபாட்டிடம் ஒன்றில் தாக்குதல் நிகழ்ந்து, ராமானந்த் தாஸ் என்னும் அவர்களுடைய சமயத் தலைவர் கொல்லப்பட்டார். மறு ஆண்டே அம்மக்களில் ஒரு பிரிவினர் ரவிதாசியா எனத் தனிச் சமயம் கண்டனர். ரவிதாஸின் பாடல்களை மட்டும் கொண்ட அம்ரித்பாணியைத் தம் மறைநூலாக்கினர்.

இப்பிரிவை வெறும் மதப்பூசல் என்று ஒதுக்குவது தவறு என்பது என் கருத்து. நானூறு ஆண்டுகளுக்கு முன் குருமார்களோடு ஒரே ஏட்டில் அமர்த்தப்பட்ட கவிஞரை, அவர் வழிவந்தோராகத் தம்மைக் கருதுவோர் வேறோர் ஏட்டுக்கு எடுத்துச் செல்ல நேர்ந்திருக்கிறது. பிழை கிரந்தத்தினுடையது அன்று. பாட்டை வணங்கியபின் பாடியவனின் மக்களுக்கு அருகில் அமர மறுத்தவர்களுடையது. சீக்கியத்தைப் புகழ்ந்து எழுதும் நாம் லங்கரைப் பற்றிச் சொல்லும்போது, இந்தத் தனிச் சுடுகாடுகளையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும். நானக்கின் நெறிக்குச் செய்யும் நேர்மை அதுவே.