ஆணையரை நேர்காணல் செய்வது யார்?

முனைவர் பட்ட ஆய்வில் சேர நான் நேர்காணலுக்குப் போனபோது எதிரே ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஊருக்குள் விடாமல் நிறுத்தினால் கள ஆய்வை எப்படிச் செய்வாய் என்று வரை கேட்டார்கள். யாரையும் கைது செய்யும் அதிகாரம் இல்லாத ஒரு வேலைக்கு முக்கால் மணி நேரம்!

நான் குடியிருக்கும் காட்டுப்பாக்கம், 2022 ஜனவரி 1 அன்று உருவான ஆவடி காவல் ஆணையரகத்துக்குள் வருகிறது. முதல் ஆணையர் சந்தீப் ராய் ரத்தோர். 2023 முடிவதற்குள் மூன்றாமவரும் வந்துவிட்டார். ஒவ்வொரு முறையும் ஒரு அரசாணை, மறுநாள் நாளிதழில் படம். அவ்வளவுதான். மாவட்டங்களில் ஆட்சியர் கையெழுத்திடும் குண்டர் சட்ட உத்தரவில் இங்கே ஆணையரே கையெழுத்திடுகிறார். அந்த ஒரு கையெழுத்து, விசாரணை இல்லாமலே ஒருவரை ஓராண்டு வரை சிறையில் வைக்கும்.

நேரடியாகத் தேர்வாகும் ஐபிஎஸ் அதிகாரிக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு பெரிய நேர்காணல். யுபிஎஸ்சியில், 2025 மதிப்பெண்ணில் 275. அதன்பின் கேள்வி கேட்க ஆளில்லை. 2006 பிரகாஷ் சிங் தீர்ப்பின்படி மாநில டிஜிபிக்கு மூன்று பேர் பட்டியலை யுபிஎஸ்சி தருகிறது. அதுவும் பணிக்காலத்தையும் பணிப்பதிவையும் பார்த்துத்தான். அந்தச் சடங்குகூட 2025 ஆகஸ்ட் 31 அன்று சங்கர் ஜிவால் ஓய்வுபெற்றபோது உரிய நேரத்தில் நடக்கவில்லை. பொறுப்பு டிஜிபியாக வெங்கடராமன் அமர்த்தப்பட்டார்.

சரி, மக்களே நேர்காணல் செய்யட்டும் என்கிறீர்களா? இங்கிலாந்தில், லண்டன் நீங்கலாக, தலைமைக் காவலராக முன்மொழியப்படுபவர் ஒரு குழுவின் முன் பொதுவெளியில் பதில் சொல்ல வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் மறுத்தால் அந்த நியமனம் நிற்காது. இதைப் படித்தபோது எனக்கு ஆசை வந்தது. கூடவே பயமும் வந்தது. நம் ஊரில் 'மக்கள்' என்று மேசையில் வந்து உட்காருபவர் யார்? ரியல் எஸ்டேட்காரர், சாதிச் சங்கத் தலைவர், இருவருக்கும் வேண்டிய கட்சி நிர்வாகி. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமத்தை ஏன் அலகாக ஏற்க மறுத்தார் என்பதை மறந்துவிட்டு நாம் உள்ளூர் ஜனநாயகம் பேச முடியாது.

ஆனால் வேறொரு மேசை ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் 17ஆம் விதி: ஆட்சியர் தலைமையில் மாவட்ட விழிப்புணர்வு, கண்காணிப்புக் குழு. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். காவல் கண்காணிப்பாளர் ஒரு உறுப்பினர். பட்டியல் சாதி, பழங்குடியினரைச் சேர்ந்த அதிகாரிகளும் அதிகாரிகள் அல்லாதவர்களும் உறுப்பினர்கள். ஆணையராக வரப்போகிறவர் முதலில் இவர்கள் முன் வந்து உட்காரட்டும் என்கிறேன்.

கேள்விகள் தயார். நீங்கள் முன்பு இருந்த இடத்தில் எத்தனை வன்கொடுமைப் புகார்கள் வெறும் மனு ரசீதோடு முடிந்தன? முதல் தகவல் அறிக்கைக்கு முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை என்று 2018இல் சேர்த்த 18ஏ பிரிவை உங்கள் ஆய்வாளர்களுக்கு யார் சொன்னது? கடமை தவறிய காவலர் மீது 4ஆம் பிரிவில் வழக்குப் போட நிர்வாக விசாரணையின் பரிந்துரை வேண்டும். ஒரு பரிந்துரையாவது எழுதியிருக்கிறீர்களா? நீங்கள் கையெழுத்திட்ட குண்டர் சட்ட உத்தரவுகளில் எத்தனையை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது?

இவற்றுக்குப் பதில் சொல்ல ஐபிஎஸ் மூளை வேண்டாம், கோப்பு போதும்.

சில ஆண்டுகளுக்கு முன், சாதிப் பெயர் சொல்லி அடிக்கப்பட்ட ஒரு தம்பியோடு புறநகர்க் காவல் நிலையம் ஒன்றுக்குப் போனேன். இரவு பதினொன்றரை வரை உட்கார வைத்து, ஒரு மனு ரசீதைக் கொடுத்து அனுப்பினார்கள். அவன் இப்போது ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். போன வாரம் காட்டுப்பாக்கத்தில் மெட்ரோ தூண் ஓரத்து டீக்கடையில் பார்த்தபோது, ஆணையரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம் என்றால் என்ன கேட்பாய் என்றேன்.

"அந்த ரசீது இன்னும் என்கிட்டதான் இருக்குக்கா. அதை வச்சு என்ன பண்றதுன்னு கேளுங்க" என்றான்.