மூன்று வோச், மூன்று கணக்கு



சுபஹ் தொழுதுவிட்டு கடற்கரை வீதியில் நடக்கும் கூட்டத்தில் நாங்களும் மூன்று பேர். ஒரே இடத்தில் தொடங்கி, ஒரே வேகத்தில், ஒரு மணித்தியாலத்தில் ஐந்து கிலோமீற்றர் அளவு நடப்போம். மூவருக்கும் நிறை ஏறத்தாழ 70 கிலோதான். ஆனால் நடந்து முடித்து கையைப் பார்த்தால் ஒருவரின் வோச் 180 கலோரி என்கிறது, மற்றவருடையது 250, எங்களோடு வரும் காக்காவுடையது 340.

ஆரம்பத்தில் இது பகிடியாகத்தான் இருந்தது. பிறகு வொட்ஸ்அப் குழுமத்தில் "இந்த வாரம் யார் கூட கலோரி எரித்தது" என்று போட்டி வைத்தோம். காக்காதான் ஒவ்வொரு வாரமும் முதலிடம். அந்தச் சந்தோசத்தில், "340 போயிட்டுதானே" என்று தேத்தண்ணிக் கடையில் இரண்டு பராட்டாவும் பால் தேத்தண்ணியும் வழக்கமாகிப் போனது. காக்காவுக்கு சீனி வருத்தம் இருக்கிறது. மூன்று மாதம் கழித்து கிளினிக்கில் பார்த்தால் சீனி குறையவே இல்லை, கொஞ்சம் கூடியிருந்தது. "நடந்து ஒரு பிரயோசனமும் இல்ல" என்று சொல்லி அவர் நடப்பதையே விட்டுவிட்டார்.

இந்தப் பதிவை எழுத வைத்தது அதுதான்.

ஒரு நாள் மூன்று வோச்சையும் போன்களையும் மேசையில் வைத்து, விடைத்தாள் மீளாய்வு செய்வதுபோல் பார்த்தோம். 180 காட்டியது நடையால் மேலதிகமாக எரிந்ததை மட்டும் எண்ணுகிறது. 250 காட்டியது முழுவதையும் எண்ணுகிறது. அதாவது, நாங்கள் சும்மா படுத்துக் கிடந்தாலும் மூச்சுக்கும் இதயத் துடிப்புக்கும் உடம்பு செலவழிப்பதையும் சேர்த்து. 70 கிலோ உள்ள ஒருவருக்கு அது மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 70 கலோரி. 180 உடன் 70 ஐக் கூட்டினால் 250. அப்போ இரண்டு வோச்சும் ஒரே கதையைத்தான் சொல்லியிருக்கின்றன.

காக்காவின் வோச்சை அவருக்கு செட் பண்ணிக் கொடுத்தது மகன். அதில் கிடந்தது மகனின் வயது, மகனின் நிறை: 95 கிலோ. நிறை கூடினால் அதே நடைக்குக் கலோரியும் கூடும். காக்காவின் சொந்த நிறையைப் போட்டால் அதுவும் 250 க்குக் கிட்டத்தான் வரும். ஒரே விடைத்தாளை மூன்று புள்ளித் திட்டத்தில் திருத்திவிட்டு, யார் கெட்டிக்காரன் என்று நாங்கள் சண்டை பிடித்திருக்கிறோம்.

சரி, அந்த 250 ஆவது திட்டவட்டமானதா? அதுவும் இல்லை. வோச் கலோரியை நேரடியாக அளப்பதில்லை. கையின் அசைவு, தோலுக்குள் பாய்ச்சும் பச்சை வெளிச்சத்தால் எடுக்கும் இதயத் துடிப்பு, நாங்கள் கொடுத்த வயது, நிறை, உயரம் எல்லாவற்றையும் வைத்து ஊகிக்கிறது. வெயில் ஏறினாலும், பட்டி தளர்ந்திருந்தாலும் ஊகம் மாறும். 2017 இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகம் 60 பேருக்கு ஏழு வகை வோச்களைக் கட்டிப் பரிசோதித்தது. ஆறு வகை வோச்கள் இதயத் துடிப்பை 5 வீதத்துக்குட்பட்ட பிழையோடு சொல்லின. கலோரியிலோ, ஆகச் சிறந்த வோச்சே சராசரியாக 27 வீதம் பிழைத்தது. ஆக மோசமானது 93 வீதம்.

இப்போது பராட்டாக் கணக்குக்கு வருவோம். அந்த ஒரு மணித்தியால நடை மேலதிகமாக எரித்தது 175 – 180 கலோரி. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி இருக்கிறது. தேத்தண்ணியில் போடும் மூன்று தேக்கரண்டி சீனியில் 48. நடந்தது இதற்கே சரி. பராட்டா மாவை இன்னும் நாங்கள் எண்ணவில்லை.

ஆகவே எங்கள் கருத்து இதுதான். கலோரியை வைத்துப் போட்டி வேண்டாம். அது நிறை கூடியவருக்குக் கூடுதலாகப் புள்ளி போடும். வளவுக்குள்ளும் மொட்டை மாடியிலும் வோச் இல்லாமல் நடக்கும் எங்கள் உம்மாமாருக்கும் தாத்தாமாருக்கும் அந்தப் போட்டியில் இடமே இல்லை. நிமிடத்தை எண்ணுவோம். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் விறுவிறுப்பாக நடக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்குச் சுவர் மணிக்கூடு போதும்.

வோச் இருப்பவர்கள் சொந்த வயதையும் நிறையையும் போடுங்கள். ஒரே வோச்சைக் கட்டி, போன வாரத்து உங்களோடு இந்த வாரத்து உங்களை ஒப்பிடுங்கள். பக்கத்தில் நடப்பவரின் கையைப் பார்க்க வேண்டாம். வோச் சொன்னதை நம்பி சாப்பாட்டைக் கூட்டவும் வேண்டாம், குளிசையைக் குறைக்கவும் வேண்டாம். அதை டொக்டரிடம் கேளுங்கள்.

காக்காவுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் நடை வீண் போகவில்லை. பிழைத்தது வோச்சின் கணக்கும், அதை வைத்துப் போட்டி நடத்திய நாங்களும்தான். நாளைக்கு சுபஹுக்குப் பிறகு பள்ளி வாசலில் நிற்போம். வோச்சை வீட்டில் வைத்துவிட்டு வாங்க. பிளேன்டீ எங்கள் கணக்கில், சீனி இல்லாமல்.