இடுப்பு வலியும் இழுவைச் சிகிச்சையும்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பாரம் தூக்கும் சகோதரர்கள் சிலருக்கு இடுப்பில் எழும் வலி தொடை வழியே கெண்டைக்கால் வரை மின்னலெனப் பாய்கிறது. அரபியில் இந்நோய்க்கு ‘இர்குந் நஸா’ என்று பெயர். முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டு பிதுங்கி, காலுக்குச் செல்லும் நரம்பின் வேரை அழுத்துவதே பெரும்பாலும் காரணம்.

இடுப்பில் பட்டை கட்டி எடையால் இழுக்கும் ‘டிராக்ஷன்’ செய்தால் தட்டு உள்ளே போய்விடும் என நம்பி, வேலையை விட்டுப் படுத்துக் கிடப்போர் உண்டு. முதுகை இழுத்து நேராக்கும் முறை இப்னு ஸீனா காலத்துக்கும் முற்பட்டது. பழமை மட்டும் போதுமா? 2013இல் 32 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய காக்ரேன் குழு, டிராக்ஷனால் வலியில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை என்றது. இங்கிலாந்தின் நைஸ் அமைப்பும் 2016இல் அதனை வேண்டாமென்றது. இயன்றவரை நடப்பதும், பிசியோதெரபி நிபுணர் கற்பிக்கும் பயிற்சிகளை வீட்டில் விடாது செய்வதுமே மேல். பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் வலி தணியும், இன்ஷா அல்லாஹ். ஆனால் சிறுநீர், மலம் கட்டுப்படாமற் போனாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, பாதம் துவண்டாலோ அன்றே மருத்துவமனை செல்க.

பல்லைக் கடித்துக்கொண்டு ஸஜ்தா செய்வோரும் உளர். வலியைக் காட்டித் தொழுகையையே விடுவோரும் உளர். மூலநோயுற்ற இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நிற்க இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழ நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியது புகாரியில் பதிவாகியுள்ளது. அமர்ந்து சைகையால் தொழுபவர் ருகூவை விட ஸஜ்தாவுக்குச் சற்றே கூடுதலாகத் தலை தாழ்த்த வேண்டும்.